கொழும்பில் இருந்துகொண்டே வெளியூர்க் காணியைக் காட்டுத்தீயிலிருந்து காக்கும் வழிமுறைகள்

கொழும்பில் வசிக்கும் தமிழர்கள் பலருக்கு நகருக்கு வெளியே ஒரு துண்டுக் காணியாவது இருக்கிறது. பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ விடுமுறைக்கென வாங்கிய அரை ஏக்கராகவோ, பதுளைப் பக்கம் பெற்றோர் விட்டுச்சென்ற சிறு தேயிலைக் காணியாகவோ, வவுனியாவில் காட்டோரமாகக் கிடக்கும் பரம்பரை மேட்டு நிலமாகவோ அது இருக்கலாம். வகை எதுவானாலும், ஆண்டின் பெரும்பகுதியில் உரிமையாளர் அங்கே இருப்பதில்லை. அவர் இல்லாத மாதங்களில் வளர்ந்து காயும் புல்லும், யாரும் வாராத சருகும், கோடையில் அந்த ஊரின் பொது அபாயமாக மாறிவிடுகின்றன. காட்டுத்தீயைப் பற்றி அறிவியல் கண்டறிந்தவற்றை இத்தகைய ஒரு காணியில் எந்த ஒழுங்கில் பயன்படுத்த வேண்டும் என்பதை, இதில் முன்னனுபவம் இல்லாதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

தீ எவ்வளவு வேகமாக ஓடும், எவ்வளவு உயரம் எழும் என்பதை வானிலை, நிலத்தின் சாய்வு, எரிபொருள் ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. முதல் இரண்டையும் நம்மால் மாற்ற முடியாது. மூன்றாவது மட்டுமே, அதாவது புல், சருகு, சுள்ளி, பட்டை என்பன எவ்வளவு கிடக்கின்றன, எப்படிக் கிடக்கின்றன என்பது மட்டுமே, காணிக்காரரின் கைக்குள் இருக்கிறது. ஆகவே இங்கு சொல்லப்படும் வேலையில் பெரும்பகுதி, தீ வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே முடிந்துவிட வேண்டிய வேலையாகும்.

முதற்படி: உங்கள் காணி எந்தத் தீப்பருவத்தில் இருக்கிறது என்பதை அறிதல்

இலங்கையில் மின்னலால் காடு எரிவது மிக அரிது. இங்கு எரிபவை ஏறத்தாழ எல்லாமே மனிதர் மூட்டியவை. ஆயினும் மூட்டிய தீ எப்போது பரவும் என்பதைக் காலநிலையே முடிவு செய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது வெப்பமடைந்து உலர்ந்துவிடுகிறது. எனவே கொழும்பில் குடை பிடிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில்தான் ஊவாவின் மலைகளில் புல் காயத் தொடங்குகிறது. அங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை அபாயக் காலம். கொழும்பு வானத்தைப் பார்த்து ஊவாக் காணியைப் பற்றி முடிவெடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஹற்றன், நுவரெலியா ஆகிய பகுதிகளில் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சியானது. வன்னியில் மே முதல் செப்டம்பர் வரை, சோளகக் காற்று வீசும் காலம் முழுவதும், கவனம் தேவை.

இரண்டாம் படி: கொழும்பிலேயே செய்து முடிக்கக்கூடியவை

காணிக்குச் செல்வதற்கு முன், நாரஹேன்பிட்டியிலுள்ள நில அளவைத் திணைக்களத்தில் உங்கள் பகுதிக்கான இடவிளக்கப் படத்தை வாங்கிக்கொள்ளுங்கள். 1:50,000 அளவுத்திட்டப் படத்திலேயே சமவுயரக் கோடுகள் நெருங்கியிருக்கும் செங்குத்தான பகுதிகளும், ஓடைகளும், அரச காட்டின் எல்லையும் தெரியும். உறுதியுடன் இணைந்த நில அளவைப் படத்தைப் பக்கத்தில் வைத்து, எல்லைக்கு அப்பால் இருப்பது அரச காடா, தோட்டமா, இன்னொருவரின் காணியா என்று குறித்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் உள்ள காணியானால், மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்திடமும் விசாரிக்க வேண்டும். எந்தச் சரிவில் புல்லை வேருடன் அகற்றக் கூடாது என்பது அங்கு கிடைக்கும் விடையைப் பொறுத்தது.

அடுத்தது செய்மதித் தகவல். நாசாவின் ஃபர்ம்ஸ் இணையத்தளம், வியர்ஸ் என்னும் உணரி கண்டறியும் வெப்பப் புள்ளிகளை ஏறத்தாழ 3 மணி நேரத்துக்குள் இலவசமாகத் தருகிறது. குறித்த பரப்புக்கு மின்னஞ்சல் எச்சரிக்கையும் கேட்டுப் பெறலாம். ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ 375 மீற்றர் பக்கமுள்ள ஒரு சதுரத்தைக் குறிப்பதால், அதை வைத்து உங்கள் வேலிக்குள் எரிகிறதா, பக்கத்துக் காணியில் எரிகிறதா என்று சொல்ல முடியாது. அந்த உணரியைத் தாங்கிய செய்மதிகள் பிற்பகல் ஒன்றரை மணியளவிலும் அதிகாலை ஒன்றரை மணியளவிலும் கடந்து செல்வதால், மாலை நான்கு மணிக்குப் பற்றி ஏழு மணிக்கு அணைந்துவிடும் புல்தீ பதிவாகாமலே போகலாம். மேகம் மூடியிருந்தாலும் அப்படியே. ஆகவே இதை உடனடி எச்சரிக்கையாக நம்புவதைவிடக் கடந்த ஆண்டுகளின் பதிவேடாகப் பயன்படுத்துவதே பயன் தரும். பத்து ஆண்டுப் புள்ளிகளை ஒன்றாக விரித்துப் பார்த்தால், தீ எந்த மாதத்தில், எந்த வீதியோரத்தில், எந்தச் சரிவில் திரும்பத் திரும்பத் தொடங்குகிறது என்பது புலப்படும்.

மூன்றாம் படி: காணியை நடந்து பார்த்தல்

வறட்சி தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பாவது ஒரு தடவை காணியை எல்லையோரமாகச் சுற்றி நடந்து பாருங்கள். கண்ணில் முதலில் படுவது பெரிய மரங்கள். ஆனால் தீயை ஓட வைப்பவை அவையல்ல. காய்ந்த பொருளின் தடிப்பு 6 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால், அதன் ஈரப்பதன் சுற்றியுள்ள காற்றோடு ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே பெரும்பாலும் ஒத்துப்போய்விடும். விரல் தடிப்புள்ள சுள்ளிக்கு ஏறத்தாழ 10 மணி நேரமும், கைமணிக்கட்டுத் தடிப்புள்ள கிளைக்கு ஏறத்தாழ 100 மணி நேரமும் வேண்டும். காலையில் பனியால் நனைந்து கிடந்த மானாப்புல்லும் இலுக்குப்புல்லும் அன்று பிற்பகலிலேயே தீக்குச்சிக்குக் காத்திருப்பதற்குக் காரணம் இதுதான். புல்லில் பாதிக்கு மேல் பழுத்துக் காய்ந்துவிட்டால் தீ தடையின்றி ஓடும். அதற்குக் குறைவாக இருக்கும்போது பச்சைப் பகுதியே தீயைத் தடுக்கும்.

பைனஸ் மரங்களின் அடியில் கிடக்கும் ஊசியிலைப் படுக்கையின் ஆழத்தை ஒரு குச்சியால் குத்தி அளந்து பாருங்கள். மேலே உலர்ந்தும் அடியில் மட்கியும் இருக்கும் அந்தப் படுக்கையில் தீ நாள்கணக்கில் புகைந்து கிடக்க வல்லது. பிசின் எடுப்பதற்காகப் பட்டை சீவப்பட்ட மரங்களின் காயத்தில் பிசின் வழிந்து உறைந்திருப்பதால், தரைத்தீ அடிமரத்தில் ஏறுவதற்கு அது வழியாகும். யூகலிப்டஸ் மரங்களின் கீழ் உதிர்ந்து கிடக்கும் பட்டை நார்களையும் கவனியுங்கள். அவை எரிந்தபடியே காற்றில் பறந்து தீத்தடுப்புக் கோட்டுக்கு அப்பால் விழும். கெக்கில எனப்படும் பன்னம் மண்டிய சரிவுகளில், மேலே பச்சையாகத் தெரிந்தாலும், உள்ளே பல ஆண்டுகளின் காய்ந்த தண்டுகள் அடுக்கடுக்காகக் கிடக்கும்.

சாய்வைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம், சாய்வு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்பது அவுஸ்திரேலிய ஆய்வாளர் மக்ஆர்தர் வழங்கிய நடைமுறை விதி. 20 பாகைச் சரிவில் அது நான்கு மடங்கு. ஒடுங்கிய ஓடைப் பள்ளங்கள் புகைபோக்கியைப் போலச் செயற்பட்டுத் தீயை மேலே இழுக்கும். காட்சி அழகுக்காக முகட்டிலும் இரு மலைகளுக்கிடையிலான கணவாயிலும் விடுதி கட்டுபவர்கள், தீயின் கண்ணுக்கு மிகச் சிறந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நான்காம் படி: ஒரு சிறு கணக்கு

இந்தக் கணக்கைத் தவிர்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். ஆனால் எவ்வளவு புல்லை அகற்றினால் போதும் என்ற கேள்விக்கு விடை இங்குதான் இருக்கிறது. 1959இல் பைராம் என்னும் அமெரிக்க ஆய்வாளர் வகுத்த சூத்திரத்தின்படி, தீமுனையின் ஒவ்வொரு மீற்றரிலும் விநாடிதோறும் வெளிப்படும் வெப்பத்தின் அளவு, அதாவது வெப்பச்செறிவு, எரிபொருளின் வெப்பப் பெறுமானம், ஒரு சதுர மீற்றரில் எரியும் பொருளின் நிறை, தீ முன்னேறும் வேகம் ஆகிய மூன்றின் பெருக்கமாகும். காய்ந்த தாவரப் பொருளுக்கு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 18,000 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

ஒரு சதுர மீற்றரில் அரைக் கிலோ காய்ந்த புல் இருக்கிறது என்றும், காற்றில்லாத வேளையில் தீ நிமிடத்துக்கு ஒரு மீற்றர் நகர்கிறது என்றும் கொள்வோம். அப்போது வெப்பச்செறிவு மீற்றருக்கு ஏறத்தாழ 150 கிலோவாற்று. அந்தச் செறிவுக்குச் சுவாலையின் நீளம் ஏறத்தாழ 0.8 மீற்றர். மண்வெட்டியும் பச்சைக் கிளையும் கொண்டவர்களால் சமாளிக்கக்கூடிய தீ அது. அதே புல்லில் காற்று எழுந்து வேகம் நிமிடத்துக்கு 10 மீற்றரானால், செறிவு 1,500 கிலோவாற்றாகிச் சுவாலை 2 மீற்றரைத் தாண்டிவிடும். கைக்கருவிகளுடன் தீமுனைக்கு நேரே நிற்பதற்கான எல்லை ஏறத்தாழ 1.2 மீற்றர்ச் சுவாலை என்பதால், அந்த வேளையில் யாரும் அதன் முன் நிற்கக் கூடாது. காற்றை நாம் அடக்க முடியாது. ஆனால் சதுர மீற்றருக்கு 500 கிராமாக இருந்த புல்லை 100 கிராமாகக் குறைத்திருந்தால், அதே வேகத்திலும் செறிவு 300 கிலோவாற்றாகவும் சுவாலை ஒரு மீற்றரளவாகவும் இறங்கிவிடும்.

உங்கள் காணியில் எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய, ஒரு மீற்றர்ச் சதுரத்தை நான்கு கம்புகளால் குறித்து, அதிலுள்ள காய்ந்த புல்லையும் சருகையும் முழுவதும் அறுத்துச் சாக்கில் இட்டு நிறுத்துப் பாருங்கள். மூன்று நான்கு இடங்களில் எடுத்தால் போதும்.

ஐந்தாம் படி: எரிபொருளைக் குறைத்தல்

ஊவாவில் இந்த வேலையை மே மாதத்துக்குள் முடிக்க வேண்டும். முழுக் காணியையும் வெறும் மண்ணாகச் சுரண்டுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் காரியம். மலைச்சரிவில் அது தீயைவிடப் பெரிய கேட்டைக் கொண்டுவரும். புல்லின் வேரை மண்ணில் விட்டுவிட்டு, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, வெட்டியதை அங்கிருந்து அகற்றுவதே முறை. வெட்டிய புல்லைக் கிடந்த இடத்திலேயே விட்டால் எரிபொருளின் நிறை குறைவதில்லை. அதைத் தேயிலைக்கோ காய்கறிப் பாத்திக்கோ மூடுபடையாக இட்டால் ஈரத்தோடு சேர்ந்து விரைவில் மட்கிவிடும்.

எல்லையோரமாகத் தீத்தடுப்புக் கோடு வெட்டும்போது, அதன் அகலம் எதிர்பார்க்கும் சுவாலை நீளத்தின் இரண்டு அல்லது மூன்று மடங்காவது இருக்கட்டும். சரிவில் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் மண்ணை வெட்டினால் மழைக்காலத்தில் அதுவே நீரோடையாகிவிடும் என்பதால், கோட்டைச் சமவுயரத்தை ஒட்டிக் குறுக்காகக் கொண்டுசெல்லுங்கள். அடிவாரப் பாதை, ஓடை, நன்கு பராமரிக்கப்படும் தேயிலை மலை என்பன ஏற்கெனவே தடைகளாக இருந்தால் அவற்றை இணைப்பதே மலிவான வழி. பறக்கும் தீப்பொறியைக் கோடு எதுவும் தடுக்காது. கோடு என்பது ஆட்கள் பாதுகாப்பாக நின்று வேலை செய்வதற்கான இடம் என்றே கருத வேண்டும்.

அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்றவர்கள் குளிர்ந்த பருவத்தில் திட்டமிட்டுத் தீயிட்டு எரிபொருளைக் குறைக்கிறார்கள். அதை இங்கே பின்பற்ற முனையாதீர்கள். 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், ஒதுக்கக் காட்டுக்குள் தீ மூட்டுவதும், அதற்கு ஆபத்தாகும் வகையில் தீயை எரியவிட்டுச் செல்வதும் குற்றங்களாகும். மரங்களை வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி தேவைப்படலாம் என்பதால், பிரதேச செயலகத்திலும் அருகிலுள்ள வன அலுவலகத்திலும் முதலில் கேட்டுவிடுங்கள். வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில் இருந்தாலும், உங்கள் காணியை அறிந்தவர் அந்த வட்டாரத்து உத்தியோகத்தரே.

ஆறாம் படி: கட்டடத்தைச் சுற்றி

வீடுகள் பற்றுவதற்கு நேரடிச் சுவாலையைவிடப் பறந்துவந்து விழும் பொறிகளே பெரும்பாலும் காரணம் என்பதை அமெரிக்க வன சேவையைச் சேர்ந்த ஜக் கோஹன் ஆய்வுகள் மூலம் காட்டினார். எனவே பணத்தைச் சுற்றுமதிலில் போடுவதற்கு முன், கூரைப் பீலியில் அடைந்துகிடக்கும் சருகை அகற்றுங்கள். சுவரிலிருந்து ஒன்றரை மீற்றருக்குள் எரியக்கூடிய எதுவும் வேண்டாம். விறகுக் குவியலும் எரிவாயு உருளையும் உட்பட. அடுத்த 9 மீற்றர் வரை புல்லைக் குட்டையாக வைத்திருங்கள். ஓட்டு இடைவெளிகளையும் கூரைக் காற்றுத் துளைகளையும் நெருக்கமான கண்களுள்ள கம்பி வலையால் மூடுங்கள்.

ஏழாம் படி: ஊராரோடு ஒரு ஏற்பாடு

கொழும்பிலிருந்து காணி வாங்குபவர் முதலில் செய்வது முள்வேலி போட்டுப் பூட்டுவது. அதற்கு முன்பு அங்கே புல்லறுத்த மாட்டுக்காரரும், சுள்ளி பொறுக்கிய தோட்டத்துப் பெண்களும் அதோடு நின்றுவிடுகிறார்கள். அவர்கள் ஆண்டுதோறும் இலவசமாக அகற்றிவந்த எரிபொருள் அன்று முதல் சேரத் தொடங்குகிறது. என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் உள்ள எந்தத் தொழில்நுட்பத்தையும்விட அந்த வேலியில் ஒரு படலையைத் திறந்துவிடுவது அதிகம் பயன் தரும். எந்த மாதங்களில் வரலாம், எதை எடுக்கலாம், நெருப்பு மட்டும் கொண்டுவரக் கூடாது என்பவற்றைத் தெளிவாகப் பேசி முடிவு செய்யுங்கள். இளம்புல் துளிர்ப்பதற்காக மேய்ச்சல்காரர் பழைய புல்லுக்குத் தீ வைப்பதுண்டு. அறுத்தெடுக்க இடம் கிடைத்தால் அந்தத் தேவை குறையும். வன்னியில் சேனை எரிப்பவர்களிடமும் தேன் எடுப்பவர்களிடமும் அவர்கள் வேலை செய்யும் நாள்களை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. கிராம உத்தியோகத்தரையும் பக்கத்துத் தோட்டத்து நிர்வாகத்தையும் இந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: தாவரத்தையே மாற்றுதல்

ஆண்டுதோறும் புல் வெட்டுவது முடிவில்லாத செலவு. புல் எரிந்தால் மரக்கன்று சாகிறது, புல் மட்டும் மீண்டும் துளிர்க்கிறது, அதனால் அடுத்த கோடையிலும் எரிகிறது என்ற சுழற்சியை முறிக்க நிழல் வேண்டும். மர விதானம் மூடிக்கொண்டால் தரையில் காற்று தணியும், ஈரம் நிற்கும், புல் தானாகவே குறையும். அதற்குக் கன்றுகள் பட்டை தடித்து, தலை சுவாலைக்கு மேலே எழும்வரை சில ஆண்டுகள் தீயே படாமல் காக்கப்பட வேண்டும். எனவே முழுக் காணியிலும் ஒரே நேரத்தில் நடாமல், ஈரம் தங்கும் ஓடைக்கரையில் தொடங்கி, காக்கக்கூடிய அளவை மட்டும் ஆண்டுதோறும் மேல்நோக்கி விரியுங்கள். ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஒரு மீற்றர் ஆரத்தில் புல் இல்லாதிருக்கட்டும்.

பைனஸ் நிற்கும் காணியானால் அதை ஒரேயடியாக வெட்டித் தள்ள வேண்டியதில்லை. சிங்கராஜக் காட்டின் ஓரத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக்க இணையரும் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் அஷ்டனும் நடத்திய பரிசோதனையில், பைனஸ் தோப்பில் மூன்று வரிசைகளை நீக்கி அந்த இடைவெளியில் நடப்பட்ட உள்நாட்டு மழைக்காட்டு மரங்கள், முழு நிழலில் நடப்பட்டவற்றைவிட நன்கு வளர்ந்தன. அது ஈரவலயம், ஊவாவில் அதே இனங்களை நட்டால் காய்ந்துபோகும். ஆனால் பைனஸை நிழல்தரும் செவிலியாக வைத்துச் சிறிது சிறிதாக மாற்றும் முறை இங்கும் பொருந்தும். எந்த இனம் என்பதற்கு பிபிலை, நில்கல பக்கத்துச் சவன்னாக்களை, அதாவது மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளிகளை, பாருங்கள்: அடிக்கடி புல் எரியும் அந்த நிலத்தில் நெல்லியும் கடுக்காயும் தான்றியும் தடித்த பட்டையின் துணையோடு நிலைத்திருக்கின்றன.

ஒன்பதாம் படி: தீ வந்துவிட்டால்

பொலிஸின் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆகிய இலக்கங்களோடு, உள்ளூர் தீயணைப்புப் பிரிவினதும் வன அலுவலகத்தினதும் தொலைபேசி இலக்கங்களைக் காவலாளியின் கையில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தீயணைப்பவர்களுக்காக 1991இல் போல் கிளீசன் வகுத்த நான்கு விதிகள் காணிக்காரருக்கும் பொருந்தும்: தீயைக் கண்காணிக்க ஒருவர், எல்லோருக்கும் தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அணைக்கப் போகாதீர்கள். தீக்கு மேற்புறச் சரிவில் ஒருபோதும் நிற்கக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் 20க்கும் மேற்பட்ட மலையேறிகள் உயிரிழந்தது, செங்குத்தான சரிவில் காய்ந்த புல்லினூடாக ஓடிய தீயில்தான். அணைக்க முடிந்த சிறு தீயைப் பின்புறத்தில் தொடங்கி, எரிந்து முடிந்த கரும்பகுதியில் நின்றபடி, பக்கவாட்டாக அடித்துக்கொண்டு செல்ல வேண்டும். பருத்தி உடையே அணியுங்கள். செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும்.

அணைந்த பிறகு ஊசியிலைப் படுக்கையையும் அடிக்கட்டைகளையும் கிளறி நீர் ஊற்றுங்கள். பல தீகள் மறுநாள் காற்றில் மீண்டும் எழுகின்றன.

பத்தாம் படி: எரிந்த நிலத்தில்

ஊவாவில் தீக்குப் பின் வரும் முதற் பெருமழை பெரும்பாலும் ஒக்டோபரில் வருகிறது. அதற்குள் மண்ணைக் கவனிக்க வேண்டும். பைனஸ், யூகலிப்டஸ் நின்ற இடங்களில் மண் நீரை உறிஞ்ச மறுப்பதுண்டு, சூடு அதை மிகைப்படுத்தும். சாம்பலை விலக்கி மண்ணில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். 5 விநாடிக்கு மேல் முத்தாகவே நின்றால் அங்கு மழைநீர் வழிந்தோடி மண்ணை அரிக்கும். அத்தகைய இடங்களில் எரிந்த கிளைகளைச் சமவுயரக் கோட்டில் நிலத்தோடு படியுமாறு கிடத்தி, இடையே மூடுபடை பரப்புங்கள். தேயிலைக் கான்களில் அடைந்த மண்ணை வாரிவிடுங்கள். சரிவில் வெடிப்போ சாய்ந்த மரமோ தென்பட்டால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அறிவியுங்கள்.

கருகிய மரங்களை உடனே வெட்டாதீர்கள். செத்த மரத்தின் வேர்கூடச் சில ஆண்டுகளுக்கு மண்ணைப் பிடித்திருக்கும். மேலும், கருகியவை எல்லாம் செத்தவையல்ல. அடிமரப் பட்டையைக் கத்தியால் சிறிது சுரண்டி, உள்ளே பச்சையும் ஈரமும் தெரிகிறதா என்று நான்கு பக்கமும் பார்த்து, உயிருள்ளவற்றுக்கு வெள்ளைச் சுண்ணாம்பால் ஓர் அடையாளம் இடுங்கள். வடகீழ்ப் பருவமழை முடிந்து மறுபடி வரும்போது, அடையாளமில்லாதவற்றில் எவை அடியிலிருந்து துளிர்த்திருக்கின்றன என்று பார்த்தபின்னரே வெட்டுவதற்கு அனுமதி கேளுங்கள்.